நான்காவது வடிவம்

ஆகஸ்ட் 1

நாகமாணிக்கம் சாரின் புது உத்தரவு. செப்டம்பர் 5 வெளியீடு வரைக்கும் அலுவலகத்தில் எல்லோரும் தினமும் 'பத்தி'யில் ஏதாவது எழுத வேண்டுமாம். "நாம சமைச்சதை நாமளே தின்னு பாக்கலைன்னா எப்படிங்க? ஒண்ணும் தோணலைன்னா டைரி எழுதுங்க. எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார்.

சரி, எழுதுகிறேன். பெயர் சுகந்தி. வயது 38. இந்த அலுவலகத்தில் 11 வருடம். கணபதி பகுதியில் டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம், மொத்தம் 7 பேர். 'பத்தி' நாங்கள் செய்கிற எழுதும் மென்பொருள். வக்கீல் அலுவலகங்களிலும் சின்னப் பதிப்பகங்களிலும் ஓடுகிறது. பெயரைப் பார்த்துவிட்டு, ஊதுபத்தி மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று மாதத்துக்கு ஒருவராவது ஃபோன் செய்வார். இத்தனை நாள் விண்டோஸில் மட்டும் ஓடியது. இந்தத் தடவை மேக்கிலும் லினக்ஸிலும் வருகிறது.

இன்னொரு அறிவிப்பும் உண்டு. வெளியீடு முடிந்ததும் சார் விற்பனைப் பக்கம் போகிறார். நிரல் எழுதும் பிரிவை ஒருவர் பொறுப்பில் விடப் போகிறார். "30ஆம் தேதிக்குள்ள யாருன்னு சொல்லிடறேனுங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஜெபாவைப் பார்த்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

ஜெபா என்பது ஜெபசெல்வி. பாளையங்கோட்டைக்காரி, வயது 27. ஜனவரியில் சேர்ந்தாள். மேக், லினக்ஸ் வேலைக்காகவே எடுத்த ஆள்.

இந்தக் கோப்பு என் கணினியை விட்டு எங்கும் போகாது. அதனால் மனதில் பட்டதை எழுதலாம்.

ஆகஸ்ட் 2

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஊறுகாயை இழுத்து வைத்துக்கொண்டார். "அப்படி என்னத்தை நெனச்சுட்டே சமைக்கறே?" என்று கடைசியில் கேட்டார். கிளிப்போர்டு என்றேன்.

"காப்பி பண்ணி பேஸ்ட் பண்றதுல யோசிக்க என்ன புள்ள இருக்குது? அது பாட்டுக்கு வரும்."

அது பாட்டுக்கு வராது. பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறவரிடம் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு விளக்கினேன். காப்பி என்று அழுத்தியதும் நாங்கள் வைப்பது ஒரு பொருள் இல்லை, 4. அதே வாசகம், 4 வடிவம். முதலாவது வெறும் எழுத்து. இரண்டாவது தடிமன், நிறம் எல்லாம் சேர்ந்த எழுத்து. மூன்றாவது படம். நான்காவது எங்கள் சொந்த வடிவம், அது பத்திக்கு மட்டும்தான் புரியும். ஒட்டுகிற மென்பொருள் தனக்குப் புரிந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பத்தியில் காப்பி செய்து பத்தியிலேயே ஒட்டினால் நான்காவது போகும். அடிக்குறிப்பு, வரிசை எண், ஓரம் எதுவும் கலையாமல் வரும். இதில் விண்டோஸ் ஒரு சட்டம் பேசும், மேக் இன்னொன்று. லினக்ஸில் இன்னும் கூத்து. அங்கே எதையும் வைப்பதே இல்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஒட்டுகிறவர் வந்து கேட்டால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"அப்ப தோசை எனக்கு எந்த வடிவத்துல வரும்?" என்றார்.

அந்த நான்காவது வடிவத்தை 2018ல் தன்னந்தனியாக எழுதியவள் நான். 900 வரி. 6 வருடமாக ஒரு வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. ஜெபா அதையே மேக்குக்கு 3 வாரத்தில், 210 வரியில் எழுதிவிட்டாள். இன்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "210 வரிங்க! படிச்சா கதை மாதிரி போகுது." என்னுடைய 900 வரியை யாரும் கதை என்று சொன்னதில்லை. படித்ததாகவே சொன்னதில்லை.

ஆகஸ்ட் 5

ஆடிக் காற்று கதவையெல்லாம் அடிக்கிறது. ஜன்னல் ஓரத்து மேசை ஜெபாவுக்கு. ஜனவரியில் அவள் வந்தபோது அது ஒன்றுதான் காலியாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் அந்த இடத்தைக் கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. 11 வருடம் இருந்தவள் வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா?

வேலை செய்யும்போது வாய்க்குள் பாடுகிறாள். தேவாலயப் பாட்டோ சினிமாப் பாட்டோ, ஒன்றும் பிடிபடாது. ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை பாடுகிறாள் என்று எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

ஊருக்குப் போய்விட்டு வந்தால் அல்வா வரும். எல்லோருக்கும் ஒரு துண்டு. எனக்கு மட்டும் "அக்காவுக்கு ரெண்டு" என்று சத்தமாகச் சொல்லி வைப்பாள். நான் என்ன அல்வா காணாதவளா? அப்புறம் அந்த அக்கா. மணிக்கு பத்து அக்கா. 38க்கும் 27க்கும் நடுவில் எத்தனை வருடம் என்று ஆபீஸ் முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

ஜெபா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். நம்ம சொந்த வடிவத்துல செலக்ட் பண்ணினது மட்டும்தான் போவுதா, இல்ல முழு டாக்குமெண்ட்டுமா? உங்க ஃபோல்டர்ல பாக்கணும்னா பாக்கேன். கேட்டுட்டா சுளுவுல்லா?"

"தேர்ந்தெடுத்தது மட்டும்தான்" என்றேன்.

அவள் போன பிறகு கோப்பைத் திறந்து பார்த்தேன். 2018ல் நானே எழுதி வைத்த குறிப்பு: 'இப்போதைக்கு முழு ஆவணமும் போகிறது. பிறகு வெட்ட வேண்டும்.' அடிக்குறிப்பு எண்கள் தவறக்கூடாது என்று முழு ஆவணத்தையும் வைத்து, எங்கிருந்து எதுவரை என்று இரண்டு எண்களையும் கூடவே வைத்திருக்கிறேன். விண்டோஸில் ஒட்டும்போது அந்த எண்களைப் பார்த்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

எழுந்து நாலடி நடந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். கதை மாதிரி எழுதத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா, அவளே கண்டுபிடிக்கட்டும். குறிப்பையும் அழிக்கவில்லை. அழித்தால் யார் அழித்தார்கள் என்று நிரல் பதிவில் பெயரோடு நிற்கும்.

ஆகஸ்ட் 7

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அவளுடைய 210 வரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகள் ட்யூஷன் போயிருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் அதே வேலையை நானாக எழுதிப் பார்க்கிறேன். இன்றோடு 4 நாள். 600 வரிக்குக் கீழே இறங்கவில்லை. ஓடவும் இல்லை. அவள் எழுதியதைப் பார்த்தால் புரிகிறது. மூடி வைத்துவிட்டால் கை நிற்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா, அல்லது எப்போதுமே இவ்வளவுதானா?

ஆகஸ்ட் 8

இன்று 17 முறை.

ஆகஸ்ட் 9

ஜெபா ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாள். என் விண்டோஸுக்கும் அவளுடைய மேக்குக்கும் ஒரே கிளிப்போர்டு. நான் இங்கே காப்பி செய்தால் அவள் அங்கே ஒட்டலாம், 4 வடிவமும் போகும். சோதனைக்கு வசதி. சார் கைதட்டினார். கை தட்டுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

ஈரோட்டில் மிருதுளா என்று ஒரு வக்கீல். மேக் வைத்திருக்கிறார், அவருடைய குமாஸ்தா விண்டோஸ். அவர்களுக்கு இந்த ஒரே கிளிப்போர்டு நிரலோடு சோதனைப் பதிப்பைக் கொடுத்தாயிற்று.

அடிக்குறிப்புச் சோதனைக்கான படிகள், மறக்காமலிருக்க:
1. 3 அடிக்குறிப்பு உள்ள ஆவணத்தைத் திற.
2. நடு அடிக்குறிப்பு உள்ள வரியை மட்டும் காப்பி செய்.
3. மேக்கில் புது ஆவணத்தில் ஒட்டு.
4. அடிக்குறிப்பு எண் 1 என்று மாறுகிறதா பார்.
5. மாறாவிட்டால் கோளாறுப் பட்டியலில் டிக்கெட் போடு.

ஆகஸ்ட் 12

மாவு அரைக்கிற இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. கடையில் மாவு வாங்கினேன், புளிப்பு.

சாரும் ஜெபாவும் அரை மணி நேரம் கண்ணாடி அறைக்குள் பேசினார்கள். வெளியே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியீட்டுக்கு முன்னால் அவள் ஒரு தடவையாவது எல்லோர் முன்னாலும் சறுக்க வேண்டும். பெரிதாக வேண்டாம், எலும்பு முறியாத அளவுக்கு.

ஆகஸ்ட் 13

இன்று முழுக்க இரண்டு மேசைக்கும் நடுவில் காப்பியும் பேஸ்ட்டும்தான். நான் இங்கே, அவள் அங்கே. பத்துப் பதினைந்து ஆவணங்களை மாற்றி மாற்றிச் சோதித்தோம். மூன்று மணிக்கு அடிக்குறிப்பு. படிகளை இங்கே எழுதி வைத்திருந்தேன் அல்லவா, மறுபடி எதற்குத் தட்டச்சு செய்வது என்று அந்த ஐந்து வரியை மட்டும் காப்பி செய்து, "படிகள் அனுப்பிருக்கேன், ஒட்டிப் பாரு" என்றேன்.

"வந்துட்டுக்கா" என்றாள்.

அப்புறம் சத்தமே இல்லை. "மூணாவது படியில நிக்கறியா?" என்றேன். திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"தலைவலிக்கி. நாளைக்குப் பாப்போமா?"

ஏதோ அவள் எழுதியதில் கோளாறு கண்ணில் பட்டிருக்க வேண்டும், என்னிடம் சொல்ல ரோஷம். அவள் தடுமாறி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தி தேங்காய் பன் வாங்கினேன்.

ஆகஸ்ட் 14

நினைத்தது சரி. ஜெபா ஒரு டிக்கெட் போட்டிருக்கிறாள். 'சொந்த வடிவத்தில் முழு ஆவணமும் வருகிறது. மேக்கில் ஒட்டினால் அனைத்தும் தெரிகிறது.' இரண்டு வேலை என்று பிரித்திருக்கிறாள். ஒட்டும் பக்கம் வெட்டுவது அவளுக்கு. காப்பி செய்யும் பக்கம் முழுவதையும் வைக்காமல் இருப்பது எனக்கு. ஒரு மாதிரிக் கோப்பும் இணைத்திருக்கிறாள்.

நேற்று எந்த ஆவணத்தில் பார்த்தாளோ. கேட்கவில்லை.

சாரிடம் நான் முந்திக்கொண்டேன். "விண்டோஸ்ல ஆறு வருஷமா வராதது மேக்ல மட்டும் வருதுங்க சார்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஜெபா என்னைப் பார்த்தாள். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. "என் பக்கத்தை இன்னைக்கே முடிச்சுருதேன் சார்" என்றாள்.

என் பக்கத்து வேலை அப்படியே இருக்கட்டும். அவள் கொடுத்த கோப்பை நான் எதற்குத் திறக்க வேண்டும்?

ஆகஸ்ட் 16

நேற்று விடுமுறை, துணி மடித்தே பொழுது போயிற்று. இன்று அலுவலகத்தில் பாட்டு இல்லை. 0 முறை. நிம்மதியாக வேலை செய்தேன் என்று எழுத வேண்டும். ஆனால் காது அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 19

வந்து பார்த்தால் என் கணினி ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. "ஜெபாவுக்குக் காத்து ஒத்துக்கலைங்களாம், மாத்திக்கறேன்னு கேட்டாங்க" என்றார் சார். எட்டு மாதம் ஒத்துக்கொண்ட காற்று இப்போது என்ன செய்தது? நல்ல பிள்ளைப் பட்டம் வாங்க இப்படியும் ஒரு வழி போலிருக்கிறது.

காற்று நன்றாகத்தான் இருக்கிறது. காகிதமெல்லாம் பறக்கிறது.

ஆகஸ்ட் 20

ஊரிலிருந்து அல்வா வந்திருக்கிறது. டப்பாவைத் திறந்து பொது மேசையில் வைத்துவிட்டாள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுக்கப் போகும்போது தீர்ந்திருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். நான்கைந்து நாளாக அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இத ஒருக்கா பாக்கீங்களா?" என்று மொட்டையாக நிறுத்துகிறாள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகஸ்ட் 22

ஈரோட்டிலிருந்து ஃபோன். மிருதுளா மேடத்தின் குமாஸ்தா பழைய மனு ஒன்றிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து அனுப்பியிருக்கிறார். மேடம் தன் மேக்கில் அதை ஒட்டிவிட்டு, கீழே பார்க்காமல் கட்சிக்காரருக்கு அனுப்பிவிட்டார். கீழே வேறொரு பெண்ணின் விவாகரத்து மனு முழுவதும் இருந்திருக்கிறது. அடி வாங்கியது, ஆஸ்பத்திரி போனது, எல்லாம். அனுப்பப்பட்டவர் அந்தப் பெண்ணின் தெருக்காரர்.

9ஆம் தேதி கொடுத்த பதிப்பு. ஜெபா திருத்தியது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

சார் எல்லோரையும் கூட்டினார். அவர் கத்தி நான் பார்த்ததில்லை, இன்றும் கத்தவில்லை. "ஒரு பொம்பளைப் புள்ளையோட மானம்ங்க" என்றார். "எப்படிங்க இது வெளிய போச்சு?"

நான் சொன்னேன்: "மேக்ல மட்டும்தானுங்க சார் அப்படி வருது."

ஜெபா எழுந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள், நன்றாக, நிதானமாக. என் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "ஆமா சார். வர்றதை என் பக்கம் வெட்டாம விட்டுட்டேன். கொடுக்கறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்" என்றாள்.

எல்லோர் முன்னாலும் சறுக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 23

சாப்பாடு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 28

நான்தான். சார் இன்றே சொல்லிவிட்டார். "பதினோரு வருஷ அனுபவம்ங்க. அவசரப்படாத கை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபாவும் தட்டினாள். வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன், சாயங்காலம் மைசூர்பாகு வாங்கி வந்தார். மகள் சாப்பிட்டாள், அவர் சாப்பிட்டார். எனக்குப் பல் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 29

பொறுப்பாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, திறந்து கிடக்கும் டிக்கெட்டுகளை வெளியீட்டுக்கு முன் மூடுவது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. என் பெயரில்.

ஜெபாவின் மாதிரிக் கோப்பைத் திறந்தேன். மேலே ஒரு வரி விளக்கம்: 'எழுத்துகள் அனைத்தும் அ என்று மாற்றப்பட்டுள்ளன. எண்களும் அமைப்பும் அப்படியே உள்ளன.' வாடிக்கையாளர் ஆவணங்களை நாங்கள் சோதனைக்கு எடுக்கும்போது இப்படித்தான் செய்வோம். விஷயம் தெரியக்கூடாது, கோளாறு மட்டும் தெரிய வேண்டும். நான்தான் அவள் சேர்ந்த புதிதில் இந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன்.

பக்கம் பக்கமாக அஅஅஅ. நீளமான ஒரு பகுதி, குட்டையாக ஒன்று, மறுபடி நீளம். நடுவில் எண்கள். 38. 11. 2018. 900. 210. 38 மறுபடி, பக்கத்தில் 27.

அப்புறம் இது:

அஅஅஅ 8
அஅஅ 17 அஅ.

மூன்று தடவை படித்தேன். அ தவிர ஒன்றுமில்லாததை எப்படிப் படிப்பது என்று கேட்டால், படித்தேன். கடைசித் தலைப்பு 'அஅஅஅ 12'. அதன் கீழே மாவு, புளிப்பு, கண்ணாடி அறை. கடைசி வாக்கியம் எலும்பைப் பற்றியது. அதுவும் அஅஅ தான்.

ஐந்து வரியைக் காப்பி செய்தேன். நாட்குறிப்பு முழுவதும் போயிருக்கிறது. முழுவதும் போகும்படி எழுதியவள் நான். தேர்ந்தெடுத்தது மட்டும்தான் போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, தப்பென்று தெரிந்த பிறகும் திருத்தாதவளும் நான். அதனால்தான் அவள் திரையில் வந்தது.

13ஆம் தேதியே தெரிந்திருக்கலாம். எந்த ஆவணத்தில் பார்த்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதையெல்லாம் பார்த்தேன். பாட்டுச் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 30

காலை பத்தரைக்கு ஜெபாவைப் பேக்கரிக்குக் கூப்பிட்டேன். இரண்டு டீ சொன்னேன். நேராகக் கேட்டேன்.

"முழுசும் படிச்சியா?"

"ம்" என்றாள். "மொத ரெண்டு வரியிலேயே இது நமக்குள்ளது இல்லன்னு தெரிஞ்சுட்டு. மூடியிருக்கணும். என் பேரு கண்ணுல பட்டுது, மூட முடியல."

"ஏன் சார்கிட்டக் காட்டலை?"

"யாரு சொன்னா? அன்னைக்கு ராத்திரி மெயில்ல போட்டு, சார் பேரும் போட்டு, அனுப்பப் பாத்தேன். அவ்வளவு கோவம். அந்த எலும்பு..." டீயை ஊதினாள். "அப்புறம் ஏழாந்தேதி எழுதினத மறுபடி படிச்சேன். நாலு நாளா வீட்ல ஒக்காந்து எழுதிப் பாத்தீங்கல்லா, அது. அனுப்ப மனசு வரல."

இரக்கப்பட்டிருக்கிறாள். என் பொய்யைப் படித்துக் கோபப்பட்டவள், என் இயலாமையைப் படித்து இரக்கப்பட்டிருக்கிறாள். இதற்கு அவள் சாருக்கே அனுப்பித் தொலைத்திருக்கலாம். அந்த நிமிடம் அவளை எனக்கு முன்னைவிட இன்னும் பிடிக்காமல் போயிற்று. திறமையில்தான் முந்தினாள் என்றால், நல்லவளாக இருப்பதிலும் எனக்கு ஓர் இடம் விட்டுவைக்கவில்லை.

"22ஆம் தேதி நீ சொல்லியிருக்கலாம். நான்தான் சொன்னேன்னு."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு நின்னேன்."

டீக்கு அவளே கொடுத்துவிட்டாள். அதிலும் முந்திவிட்டாள்.

மேலே வந்து நேரே கண்ணாடி அறைக்குள் போனேன். சாரிடம் 2018 குறிப்பைத் திறந்து காட்டினேன். 6ஆம் தேதி ஜெபா கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்றும் சொன்னேன். நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அது ஜெபாவுக்கும் எனக்கும்.

சார் அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். "ஏனுங்க சுகந்தி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள மனு தெருவுக்குப் போயிருக்காதுங்களே" என்றார். "ஈரோட்டுக்கு நீங்களே பேசிடுங்க. பொறுப்பு ஜெபாகிட்ட இருக்கட்டும்."

"சரிங்க சார்."

மிருதுளா மேடத்திடம் இருபது நிமிடம் பேசினேன். அவர் இருபது நிமிடம் பேசினார் என்று எழுதுவதுதான் சரி. அந்தப் பெண் வீடு மாறிவிட்டாளாம்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் போய் டப்பாவை எடுத்து வந்தார். அப்புறம், "மைசூர்பாகு மீதி இருக்குது, இப்பவாச்சும் தின்னு" என்றார். தின்றேன்.

செப்டம்பர் 2

ஜெபா பொறுப்பாளர். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் கூட்டம் நடத்துகிற அழகைப் பார்த்து வயிறு எரியத்தான் செய்தது. ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

என் கணினியை நானே தூக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "காகிதம் பறக்குது" என்றேன்.

செப்டம்பர் 3

அந்தப் 'பிறகு' இன்று வந்தது. 900 வரியைத் திறந்து, முழு ஆவணத்தையும் தூக்கி வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து வெட்டினேன். தேர்ந்தெடுத்தது, அதற்கு வேண்டிய அடிக்குறிப்பு, அவ்வளவுதான் இனி கிளிப்போர்டுக்குப் போகும். அடிக்குறிப்பு எண்ணில் ஓரிடம் சிக்கியது. நாற்காலியை உருட்டிக்கொண்டு ஜெபாவிடம் போய்க் கேட்டேன். நான்கு வரியில் சொன்னாள். நான் ஒன்பது வரியில் எழுதினேன். ஓடுகிறது.

சோதித்தால்தான் மூட முடியும். ஜெபாவிடம் அவள் பக்கத்து வெட்டும் வேலையைத் தற்காலிகமாக எடுத்துவிடச் சொன்னேன். வருவது எல்லாம் திரையில் தெரிய வேண்டும். "எந்த டாக்குமெண்ட்ட வச்சுப் பாப்போம்?" என்றாள்.

"நான் வச்சிருக்கேன்" என்றேன்.

இந்தக் கோப்பைத் திறந்தேன். ஆகஸ்ட் 1லிருந்து எல்லாம் இருக்கிறது, ஒன்றையும் அழிக்கவில்லை. கடைசியில் புதிதாக ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தேன். என் வெட்டு தப்பென்றால் 13ஆம் தேதியிலிருந்து எழுதியதும் சேர்ந்து அவள் திரைக்குப் போகும். அந்தக் குளுகுளுவும் போகும்.

"ஒட்டிப் பாரு."

அவள் ஒட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். திரையைத் திருப்பவில்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். அப்புறம் அந்த வரியைப் படித்தாள், உதடு அசைந்தது.

நான் அனுப்பியது: 'நீ பாடு ஜெபா, நான் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.'

"ஒரு வரிதான்க்கா வந்திருக்கு" என்றாள்.

"அவ்வளவுதான் அனுப்பினேன்."

டிக்கெட்டை அவளே மூடினாள். சாயங்காலம் வரைக்கும் 6 முறை.